அறுபத்திரண்டாம் நம்பர் நாற்காலி

இப்போதெல்லாம் யாருக்கும் நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை. பின்னால் சாய்ந்து இரண்டு காலில் நிறுத்தி ஆட்டுகிறார்கள். கைப்பிடியில் பையை மாட்டுகிறார்கள். எழுந்திருக்கும்போது பின்பக்கத்தாலேயே தள்ளிவிட்டுப் போகிறார்கள். தூக்கி வைத்தால் இடுப்பு சுளுக்கிக்கொள்ளும் போல, தரையோடு தரையாக இழுக்கிறார்கள். நாற்பது வருடமாக நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். அதிகம் உடைப்பவன் படித்தவன்தான். உடைத்துவிட்டு "இது ஏற்கெனவே இப்படித்தான் இருந்துச்சு" என்பவனும் அவன்தான்.

என்னிடம் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டிருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் நம்பர் தெரியும். அறுபத்திரண்டாம் நம்பருக்கு வலது கைப்பிடி உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். கம்பியின் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை முறை மடக்கினாலும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். என் தங்கச்சி மாதிரி.

தங்கச்சி எங்கள் சந்திலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். புருஷன் போய் ஒன்பது வருடம். பிள்ளை குட்டி இல்லை. மெயின் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். தினமும் மாலை நாலு மணிக்குப் போனால் பத்து மணி வரை தண்ணீரும் சோப்புப் பவுடரும்தான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை தோல் உரிந்து, பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "இந்தக் கை ஆறு மாசத்துக்குத் தண்ணியில படவே கூடாது. பட்டா விரலை எடுக்க வேண்டியதாயிடும்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு இவள் சொன்ன பதில்: "அப்போ பாத்திரத்தை நக்கியா டாக்டரம்மா சுத்தம் பண்றது?"

என் வீட்டில் வந்து சாப்பிடு என்றால், "அண்ணிக்கு நான் எதுக்குப் பாரம்?" என்பாள். அண்ணிக்காரி ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமலே இவளுக்குக் காது கேட்கும்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கொள்கை வந்தது. நாட்டில் இருக்கும் ஏழைகளையும், எப்போது வேண்டுமானாலும் ஏழையாகிவிடக் கூடியவர்களையும் காப்பாற்றப் பெரிய கொள்கை எழுதுகிறார்களாம். தேசிய சமூகப் பாதுகாப்புக் கொள்கை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆள் பட்டினியில் போய்விடுவான். எழுதுவதற்கு முன்னால் நாலைந்து இடத்தில் வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமாம். அதில் எங்கள் சந்தும் ஒன்று. வீடு வீடாக வந்து என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுவார்கள். இருப்பதற்கெல்லாம் புள்ளி. புள்ளி இருபதைத் தாண்டினால் நீ ஏழை இல்லை. தாண்டாதவர்கள் பெயர் பட்டியலில் வரும். பட்டியலில் வந்தால் மாதாமாதம் உதவி வரும்.

தங்கச்சி பெயர் வந்தால் ஆறு மாதம் கையைத் தண்ணீரில் விடாமல் இருக்கலாம். இவ்வளவுதான் விஷயம். வேறு எதற்கும் நான் அந்தக் கொள்கையைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

கணக்கெடுப்பு நாள் காலையில், நாற்காலி அடுக்கியிருக்கும் என் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, நாலு நாற்காலி குடு."

"எதுக்கு?"

"கணக்கெடுக்க வர்றாங்கல்ல. நிக்க வெச்சுக்கிட்டா பேசறது?"

"அடி கூறுகெட்டவளே! அவங்க வர்றதே உன் வீட்ல என்ன இல்லேன்னு பாக்கத்தான்."

"இல்லேன்னு எழுதட்டும். யாரு வேணாம்னா? அதை ஏன் நின்னுக்கிட்டு எழுதணும்? உக்காந்து எழுதட்டும்."

"பாயைப் போடு."

"பேன்ட் போட்ட பொண்ணு பாயில எப்படிண்ணே உக்காரும்? நான் இல்லாதவதான். இங்கிதம் தெரியாதவ இல்ல."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை."

"மீசை உனக்குத்தான் இருக்கு. நாற்காலியைக் குடு."

கொடுத்தேன். அறுபத்தொன்றிலிருந்து அறுபத்து நாலு வரை. கொடுத்தது என் தப்பு. ஒரே வயிற்றில் பிறந்த தோஷம், அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

அதோடு விட்டாளா? எதிர் வீட்டுத் தையல்காரனிடம் மேசை விசிறியையும் வாங்கிக்கொண்டு போனாள். வெயில் நேரம், வருகிறவர்களுக்கு வியர்க்குமாம்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். அதைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள், தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள், தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு டேப்புக்காரி என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வீடான தங்கச்சி வீட்டில் அவள் உட்கார்ந்தது அறுபத்திரண்டில். எழுந்தபோது சட்டைக் கையைக் கம்பி பிடித்து இழுத்தது. "ஐயோ" என்றாள். "பாத்தும்மா, கம்பி" என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான். ஆனால் நாற்காலி நாலு, மின்விசிறி ஒன்று என்று டேப்பில் ஏறிவிட்டது.

டேப்புக்காரி வாசலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரி பின்வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்க. அந்தப் பொண்ணு அடுத்து எங்க வீட்டுக்கு வருதில்ல?" தங்கச்சி தள்ளினாள். விசிறியும் கூடவே போனது. அதற்கடுத்த வீட்டுக்காரன் அவள் பின்வாசலில். இப்படியே டேப்புக்காரி முன்வாசல் வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள், என் நாற்காலிகள் பின்வாசல் வழியாகப் போய் அவளுக்காகக் காத்திருந்தன. பாதி வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி வேண்டும் என்ற நினைப்பே கிடையாது. பக்கத்து வீட்டில் போட்டார்கள், நாம் போடாவிட்டால் மட்டமாகிவிடும். அவ்வளவுதான் காரணம். மனுஷ புத்தி.

என் வீடு போகச் சந்தில் பத்தொன்பது வீடு. பத்தொன்பதிலும் அதே நாலு நாற்காலி. அதே விசிறி, ஒரு இறக்கை ஒடிந்து டக் டக் என்று அடிக்கும் விசிறி. பத்தொன்பது வீட்டிலும் டக் டக் என்றது. டேப்புக்காரி சட்டையைக் கம்பி நான் பார்க்கவே ஐந்து வீட்டில் பிடித்தது. ஐந்து முறையும் "ஐயோ" என்றாள். கம்பியிலிருந்து துணியை எடுத்தாளே தவிர, குனிந்து அது எந்தக் கம்பி என்று பார்க்கவில்லை. படித்த பெண்.

சந்தைச் சுற்றி வந்து கடைசியாக என் வீடு.

"நாற்காலி எத்தனை இருக்கு பெரியவரே?"

"இருநூறு."

"கிண்டலா?"

"கொட்டகையில போய் எண்ணிப் பாரும்மா."

அவள் டேப்பைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்பதுக்கு மேல் அதில் ஏறாதாம். ஒன்பது என்று போட்டுக்கொண்டு போனாள். நூற்றுத் தொண்ணூற்றொரு நாற்காலியைக் கொள்கை விழுங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து வார்டு அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் சந்திலிருந்து ஒரு பெயர் கிடையாது. பக்கத்தில் இன்னொரு தாளில், பட்டியலில் வராதவர்கள் பெயரும் புள்ளியும். தங்கச்சிக்கு இருபத்திரண்டு. நாற்காலிக்கு நாலு, விசிறிக்கு மூன்று. இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தவள் கதை. அவள் பெயரை நான்தான் படித்துச் சொன்னேன். 

"இருபத்திரண்டு நல்ல மார்க்கா அண்ணே?"

"ரொம்ப நல்ல மார்க். பாஸாகிட்ட. போய்ப் பாத்திரம் கழுவு."

அவள் கடைப் பக்கம் நடந்தாள். நாலு மணி ஆகியிருந்தது.

அடுத்த வாரம் நகராட்சி மண்டபத்திலிருந்து ஆள் வந்தான். நூற்றிருபது நாற்காலி வேண்டும், கொள்கை மேல் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். எங்கள் சந்து ஆட்களையும் அழைத்திருந்தார்கள். வண்டி பிடித்து அழைத்துப் போய், மதியச் சாப்பாடும் போடுகிறார்களாம். நான் அறுபத்தொன்றிலிருந்து அறுபத்து நாலு வரை மறக்காமல் ஏற்றினேன். மண்டபத்தில் முன்வரிசை அலுவலகக்காரர்களுக்கு. அங்கே போட்டேன். அறுபத்திரண்டை நடுவில் போட்டேன்.

டேப்புக்காரி வந்து அதிலேயே உட்கார்ந்தாள். விதி. கொஞ்ச நேரத்தில் முன்னால் நகர்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கொடுக்கப் போனாள். கம்பி பிடித்தது. இந்த முறை "ஐயோ" என்று சொல்லவில்லை. கம்பியையே பார்த்தாள். விரலால் தொட்டாள். பிறகு அப்படியே மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் இருந்த எங்கள் சந்தைப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்தாவது கண் திறந்ததே.

மேடையில் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். அந்தப் புழுக்கத்தில் கோட்டு. இந்தக் கொள்கையை எழுதும் குழுவுக்குத் தலைவராம். வறுமைக்குப் பல பரிமாணம் என்றார். பாதிப்புக்கு உள்ளாகும் தன்மை என்றார். தங்கச்சி என் பக்கம் சாய்ந்து, "என்னண்ணே சொல்றாரு?" என்றாள். "நாம கஷ்டப்படறோம்னு கண்டுபிடிச்சிருக்காரு" என்றேன். வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டே போனது பேச்சு. சுவரில் படம் ஓடியது. கட்டம், கோடு, வட்டம். திடீரென்று எங்கள் சந்து வந்தது.

"இதைக் கவனியுங்கள்" என்றார் கோட்டுக்காரர். "குறைந்த வருமானம் கொண்ட பகுதி. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் சராசரியாக நான்கு நாற்காலிகள். ஒவ்வொரு வீட்டிலும் மின்விசிறி. தங்கள் முயற்சியால் மேலே வந்த மக்கள். இவர்களைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. மாறாக, இவர்களை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்."

கை தட்டினார்கள். எங்கள் சந்துக்காரர்களும் தட்டினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தையல்காரன் எழுந்து கும்பிட்டான்.

யாருக்காவது கருத்து உண்டா என்றார். நான் எழுந்தேன்.

"ஐயா, அந்த நாலு நாற்காலியும் என்னோடது. வாடகை நாற்காலி. ஒரே நாலைத்தான் பத்தொன்பது வீட்லயும் பின்வாசல் வழியா மாத்தி மாத்திப் போட்டாங்க. நம்பிக்கை இல்லேன்னா முன்வரிசையில பாருங்க, அறுபத்தொண்ணுலேர்ந்து அறுபத்துநாலு வரைக்கும் முதுகுல நம்பர் இருக்கும். விசிறியும் ஒண்ணுதான். அந்த ஆளோடது." தையல்காரனைக் காட்டினேன். அவன் மண்டபத்துக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சிரிப்பு எழுந்தது. கோட்டுக்காரரும் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, குழந்தையிடம் கேட்பது போல எங்கள் ஆட்களைப் பார்த்துக் கேட்டார். "பெரியவர் சொல்வது உண்மையா? நாற்காலி இல்லாதவர்கள் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள்."

ஒருவரும் எழவில்லை. நூறு பேர் பார்க்கிற சபையில் என்னிடம் ஒரு நாற்காலி கூட இல்லை என்று எவன் எழுந்து நிற்பான்? அதைக் கேட்பதற்கு அவருக்கும் ஒரு படிப்பு.

நான் தங்கச்சி தோளைத் தட்டினேன். "எந்திரிச்சு சொல்லு." எழுந்தாள். இரண்டு கையையும் துண்டில் சுற்றி வயிற்றோடு வைத்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா. அந்த நாற்காலிகள் உங்களுடையதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. என்னோடதுதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அண்ணனுக்கு வயசாயிடுச்சு. எல்லா நாற்காலியும் தன்னோடதுன்னு நெனப்பு" என்றாள்.

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. கோட்டுக்காரர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "இருந்தாலும் பெரியவர் கருத்தை ஏற்கிறோம். படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்போம். பொருள் சொந்தமா, இரவலா?" மறுபடி கை தட்டல். அதோடு என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். என் நாற்காலியில்தான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நூறு பேருக்கு முன்னாடி என் மானத்தை உரிச்சிட்டியே, திருப்தியா?"

"மானத்தைக் கழுவிக் கழுவித்தான் கை இப்படி ஆயிருக்கு."

"ஆனா ஆவட்டும். நாற்காலி இல்லாதவங்க எந்திரிங்கன்னாரே, உன்னையா எந்திரிக்கச் சொன்னாரு? உனக்கென்ன, இருநூறு நாற்காலிக்காரன்."

 பதில் இல்லாதபோது நான் திட்டுவேன். திட்டினேன். அவளும் திட்டினாள். மண்டப வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவன் எங்களுக்கு மட்டும் இரண்டு பொட்டலம் அதிகம் கொடுத்து அனுப்பினான், சண்டை ஓயட்டும் என்று. சமூகப் பாதுகாப்பு.

மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது.

"அண்ணே, ரெண்டு நாற்காலி குடு."

"போடி."

"டேப்புக்காரப் பொண்ணு மறுபடி வருதாம். புதுக் கட்டத்தை நிரப்பணுமாம்."

"தரையில உக்காரட்டும்."

"சரி, தையக்காரர்கிட்ட முக்காலி வாங்கிக்கறேன். சொந்த அண்ணன் குடுக்கல, அந்நியர் குடுத்தாருன்னு இருக்கட்டும்."

இப்படித்தான் என்னை மடக்குவாள், சின்ன வயதிலிருந்து. அறுபத்தொன்றையும் அறுபத்திரண்டையும் எடுத்தேன். அவள் கையில் கொடுக்கவில்லை, நானே சுமந்துபோய்ப் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். விசிறியைத் தையல்காரன் இந்த முறை தர மறுத்துவிட்டான். அவனுக்கும் என் மேல் கோபம்.

டேப்புக்காரி வந்தாள். உட்காரும் முன் கைப்பிடியைப் பார்த்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அளவுக்குப் படிப்பு ஏறியிருந்தது.

"அம்மா, நாற்காலி எத்தனை?"

"ரெண்டு."

"போன தடவை நாலு."

"ரெண்டு உடைஞ்சு போச்சு."

நான் வாசலில் பல்லைக் கடித்தேன்.

"சொந்தமா, இரவலா?"

"சொந்தம்."

டேப்புக்காரி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். இனி ஒருமுறை வாயைத் திறப்பதில்லை என்று மண்டபத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

"சரி. இதுல கையெழுத்துப் போடுங்க." டேப்பை நீட்டி, ஒரு குச்சிப் பேனாவையும் கொடுத்தாள்.

தங்கச்சி துண்டை அவிழ்த்தாள். பேனாவைப் பிடிக்கக் கட்டைவிரலை மடக்கினாள். மடங்கவில்லை. கொஞ்சம் அழுத்தி மடக்கினாள். வெடிப்பு பிளந்து ரத்தம் வந்து, டேப்பின் கண்ணாடி மேல் ஒரு சொட்டு விழுந்தது. தங்கச்சி பதறிப்போய், "மன்னிச்சுக்கோம்மா, தொடச்சுடறேன்" என்று துண்டால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் திரையில் பக்கம் மாறி மாறிப் போனது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தப் பெண் டேப்பை மெதுவாக வாங்கிக்கொண்டாள். கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். போன முறை இதே கை அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"அது கெடக்கு. பாத்திரம் கழுவற கை அப்படித்தான் இருக்கும்."

டேப்புக்காரி திரையில் பின்னால் போனாள். நாற்காலிக் கட்டத்துக்கு. "நாற்காலி, இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

தங்கச்சிக்கு முகம் மாறியது. "என்னம்மா இது, ரெண்டுன்னு சொன்னேன்ல? இல்லேன்னா நீ எதுல உக்காந்திருக்க?"

டேப்புக்காரி எழுந்து நின்றாள். "நான் நின்னுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றாள்.

தங்கச்சி வாயைத் திறந்தாள், மூடினாள். அவளை வாயடைக்க வைத்த முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"விசிறியும் இல்லை" என்று எழுதினாள் அந்தப் பெண். கையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். டாக்டர் சீட்டைக் கேட்டு அதையும் எடுத்தாள். வாசலில் என்னிடம் நின்று, "அனுப்பிடுறேன் ஐயா. பதினஞ்சு புள்ளிதான் வருது. பேரு வந்துடும்" என்றாள்.

"யாருக்கு அனுப்புவ?"

"மேல, குழுவுக்கு."

"கோட்டுப் போட்டவருக்கா?"

தலையை ஆட்டினாள்.

"அவரு சுவத்துல எங்களைப் படமாப் போட்டு முன்மாதிரின்னு கை தட்டு வாங்கிட்டாரேம்மா. இப்ப நீ ஏழைன்னு அனுப்பினா, தட்டின கையை என்ன பண்ணுவாரு?"

அவள் டேப்பைத் தேய்த்துப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் நாற்காலி கேட்பாள், அவர்களும் நாலு என்பார்கள். பதினெட்டு வீட்டிலும் இப்படி எழுந்து நின்று எழுத அவளுக்குக் கால் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காயை யாராவது கறி வைத்துத் தின்று காட்டட்டும், அப்புறம் நம்புகிறேன்.

உள்ளே தங்கச்சி துண்டைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கிளம்புகிறாள்.

"இன்னைக்குமா போற? அந்தப் பொண்ணு அனுப்பறேன்னுதே."

"அது அனுப்பி, அவரு பாத்து, பேரு வர்ற வரைக்கும் பாத்திரம் தானா கழுவிக்குமா?" என்றாள். பிறகு நாற்காலிகளைக் காட்டினாள். "ஒண்ணை விட்டுட்டுப் போண்ணே. பேரு வந்திருக்குன்னு சொல்ல அந்தப் பொண்ணு வந்தா, உக்கார வேணாமா?"

"வரட்டும், கொண்டாரேன்."

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தோளில் ஏற்றினேன். அறுபத்திரண்டின் கம்பி என் கழுத்தில் குத்தியது. மடக்காமலே நடந்தேன்.